மாதக்கணக்கில் ஆறாத உதடு: காரணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், என்ன சிகிச்சை?

உதடு வெடித்தால் வாசலின். கடைவாயில் புண் என்றால் பி காம்ப்ளக்ஸ். இரண்டுக்கும் கேட்கவில்லையா, மருந்துக்கடையில் சொல்லி ஒரு டியூப். பெரும்பாலானவர்களுக்கு இதற்குள் சரியாகிவிடும். ஆகாதவர்கள்தான் மாதக்கணக்கில் எரிச்சலோடும் உரிகிற தோலோடும் இருந்துவிட்டுத் தோல் மருத்துவரிடம் வந்து சேர்கிறார்கள். அங்கே போனால் என்ன பேஸ்ட், மாங்காய் சாப்பிட்டீர்களா, பிரஷருக்கு என்ன மாத்திரை, பல்செட்டை ராத்திரி கழற்றுகிறீர்களா என்று கேட்கிறார்கள். உதட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். சம்பந்தம் நிறைய இருக்கிறது.

உதட்டில் வரும் அழற்சிக்கு மருத்துவத்தில் கைலைட்டிஸ் என்று பெயர். சிவப்பு, வீக்கம், எரிச்சல், வெடிப்பு, செதில் எல்லாம் இதற்குள் அடங்கும். இரண்டு மூன்று வாரங்களில் ஆறிவிட்டால் அது பெரிய விஷயமில்லை. அதைத் தாண்டி நீடித்தாலோ, ஆறி ஆறித் திரும்ப வந்தாலோ அதை நாள்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கைலைட்டிஸ் என்பது காய்ச்சல் என்பதைப் போன்ற சொல்தான். அதைச் சொன்னதால் நோய் எது என்று தெரிந்துவிடாது. பின்னால் இருப்பது காளான் தொற்றாக இருக்கலாம், இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், பற்பசையில் கலந்த வாசனைப் பொருளாக இருக்கலாம், வெயிலாக இருக்கலாம், அபூர்வமாகக் குடல் நோயாகவும் இருக்கலாம். இத்தனைக்கும் ஒரே களிம்பு என்பது எப்படிப் பொருந்தும்? இன்னொன்று, நாள்பட்ட உதட்டு அழற்சியில் கணிசமானவர்களுக்குச் சிகிச்சையே பூசிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றை நிறுத்துவதுதான்.

உதட்டின் தோல் ஏன் இப்படி?

கன்னத்துத் தோலில் எண்ணெய்ச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் உண்டு. உதட்டின் சிவந்த பகுதியில் வியர்வைச் சுரப்பி கிடையாது. எண்ணெய்ச் சுரப்பியும் கிட்டத்தட்ட இல்லை. சிலருக்கு மட்டும் மேலுதட்டில் மஞ்சள் புள்ளிகளாகத் தெரியும். அவை நோயல்ல. உதட்டின் மேல்தோல் மெல்லியது, அதனால் ஈரம் சீக்கிரம் வெளியேறிவிடும். வெயிலைத் தடுக்கும் நிறமியும் மற்ற இடங்களைவிட அங்கே குறைவு.

இவ்வளவு பலவீனமான இடத்தில்தான் நாம் சாப்பாடு, எச்சில், பற்பசை நுரை, லிப்ஸ்டிக், பீடி, வெற்றிலைச்சாறு எல்லாவற்றையும் நாளெல்லாம் பட வைக்கிறோம்.

உதடு காய்ந்தால் கை போகும் முன் நாக்கு போகும். எச்சில் பட்ட ஒரு நிமிடம் சுகமாக இருக்கும். அப்புறம் அது ஆவியாகும்போது உதட்டில் இருந்த ஈரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். எச்சிலில் செரிமான நொதிகள் வேறு இருக்கின்றன. திரும்பத் திரும்ப நக்கினால் மெல்லிய தோலை அவையும் அரிக்கும். இன்னும் காய்கிறது, இன்னும் நக்குகிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலருக்கு வாயைச் சுற்றி நாக்கு எட்டுகிற தூரம் வரை கச்சிதமாக வட்டம் போட்டதுபோல் சிவந்திருப்பது இதனால்தான். பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம். நிறுத்த வைப்பதுதான் பெரும்பாடு.

எந்த இடம் என்பதே பாதி விடை

பரிசோதனைக்கு முன்னால் மருத்துவர் முதலில் பார்ப்பது புண் எங்கே இருக்கிறது என்பதை. வீட்டில் கண்ணாடி முன் நின்று நீங்களும் பார்க்கலாம்.

1. இரண்டு கடைவாயிலும் மட்டும் வெடிப்பு: காளான், பாக்டீரியா, சத்துக் குறைவு, சரியில்லாத பல்செட்.
2. உதட்டோடு சேர்த்து வாயைச் சுற்றிய தோலும் சிவந்து செதிலாக: நக்கும் பழக்கம், அல்லது படுகிற பொருள் ஏதோ ஒன்றின் ஒவ்வாமை.
3. கீழுதடு மட்டும், வறண்டு சொரசொரப்பாக, தோலும் உதடும் சந்திக்கும் கோடு மங்கி: வெயில்.
4. நடுவில் வெளுத்து ஓரத்தில் கருத்த வட்டத் திட்டு, அல்லது வலைபோல வெள்ளைக் கோடுகள்: லூபஸ் (உடலின் தற்காப்புச் செல்கள் சொந்தத் திசுவையே தாக்கும் நோய்) அல்லது லைக்கன் பிளேனஸ் (தோலிலும் வாயிலும் வரும் ஒருவகை அழற்சி).
5. புண் இல்லை, ஆனால் உதடே தடித்து ரப்பர்போல்: திசுவுக்குள் செல்கள் திரளும் கிரானுலோமா வகை அழற்சி.
6. ஒரே ஒரு இடத்தில் ஆறாத புண், அடியில் கெட்டி: வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை புற்றுநோயைச் சந்தேகித்தே ஆகவேண்டும்.

இந்தப் பட்டியலே தீர்ப்பாகிவிடாது. ஒருவருக்கே இரண்டு காரணங்கள் சேர்ந்திருப்பது சகஜம். நக்கி நக்கிக் கெட்ட உதட்டில் பூசிய லிப் பாமே ஒவ்வாமையாகி, அதன்மேல் காளானும் ஏறியிருக்கும்.

கடைவாய்ப் புண்ணும் பி காம்ப்ளக்ஸும்

கடைவாய்ப் புண் என்றதும் பி காம்ப்ளக்ஸ் நினைவுக்கு வருவதற்கு உண்மையான அடிப்படை உண்டு. ரிபோஃபிளேவின் என்கிற பி2 வைட்டமின் குறைந்தால் கடைவாய் வெடிக்கும் என்பதை 1938-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் செப்ரெலும் பட்லரும் மனிதர்களிடமே காட்டினார்கள். பி12, ஃபோலிக் அமிலம், இரும்புச்சத்து குறைந்தாலும் இது வரும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. எனவே ஒரு பெண்ணுக்குக் கடைவாய் திரும்பத் திரும்ப வெடித்தால் இரும்பைப் பார்க்காமல் விடக்கூடாது. சாதாரண பி காம்ப்ளக்ஸ் மாத்திரை பலவற்றில் இரும்பு இருக்காது. மாதக்கணக்கில் போட்டு, சிறுநீர் மஞ்சளானதுதான் மிச்சம் என்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

சத்து எல்லாம் சரியாக இருந்தும் கடைவாய் வெடிக்கிறதென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது அங்கே தேங்கும் எச்சில். பல் போன முதியவர்களுக்கும், தேய்ந்த பழைய பல்செட் போடுகிறவர்களுக்கும் மேல்தாடைக்கும் கீழ்தாடைக்கும் உள்ள உயரம் குறைந்துவிடும். கடைவாயில் மடிப்பு விழுந்து எச்சில் அங்கேயே நிற்கும். அந்த ஈரத்தில் கேண்டிடா என்ற காளான் வளரும், கூடவே ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவும் வரும். பல்செட்டின் அடிப்பக்கத்திலும் காளான் ஒட்டியிருக்கும். களிம்பு பூசி ஆறிய புண் பல்செட்டைத் திரும்ப மாட்டியதும் வந்துவிடுவது அதனால்தான். ராத்திரி கழற்றி, தேய்த்துக் கழுவி ஊறவைக்க வேண்டும். உயரம் குறைந்திருந்தால் பல் மருத்துவரிடம் புதிது செய்துகொள்வதுதான் மருந்து. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்கும் காளான் எளிதில் வரும்.

சிகிச்சை நேரடியானது. குளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் களிம்பு, பாக்டீரியாவுக்கு அடையாளமான பொன்னிறப் பொருக்கு இருந்தால் ஃபியூசிடிக் அமிலம் அல்லது மூப்பிரோசின். ஒரு எச்சரிக்கை: ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் மைக்கோனசோல் வாய் ஜெல்லைத் தொடக்கூடாது. வாயில் தடவும் ஜெல்தானே என்று தோன்றும். ஆனால் வார்ஃபரின் உடலில் சிதைவதை அது தடுத்து, ரத்தக்கசிவு வரை கொண்டுபோய்விடும்.

பூசுவதே பகையாகும்போது

நாள்பட்ட உதட்டு அழற்சியில் அடிக்கடி தப்பிப்போகிற காரணம் தொடர்பு அழற்சி, அதாவது உதட்டில் படுகிற பொருளால் வருவது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் எரிச்சல்: எச்சில், காரம், பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் போன்றவை போதுமான அளவு பட்டால் யாருக்கும் வரும். இன்னொன்று உண்மையான ஒவ்வாமை: உடலின் தற்காப்புச் செல்கள் ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருளை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்ளும். அப்புறம் அது துளி பட்டாலும் போதும்.

இந்த இரண்டாவது வகையைப் பிடிப்பது கடினம். அதற்குக் காரணம் நேரம். பட்ட உடனே எதுவும் தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் உதடு சிவக்கும். திங்கட்கிழமை பூசிய லிப்ஸ்டிக்கை யாரும் புதன்கிழமை சந்தேகப்படுவதில்லை, செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட கத்தரிக்காயைத்தான் சந்தேகப்படுவார்கள். இன்னொரு குழப்பம், “இதே பேஸ்டைத்தான் பத்து வருஷமாகப் போடுகிறேன், அதனால் அது காரணமாக இருக்க முடியாது” என்ற வாதம். ஒவ்வாமை முதல் நாளே வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. பல வருடம் பழகிய பொருளுக்கும் ஒரு நாள் தொடங்கலாம்.

வழக்கமாகச் சிக்குகிறவை இவை:

1. பற்பசையின் மணப்பொருள்கள்: புதினா வகை எண்ணெய்கள், லவங்கப்பட்டை, கிராம்பு எண்ணெய். ‘மூலிகை’ என்று போட்டிருந்தால் ஒவ்வாமை வராது என்பது நம்பிக்கை மட்டுமே. கிராம்பிலும் பட்டையிலும் இருப்பவை பேர்போன ஒவ்வாமைப் பொருள்கள்.
2. லிப்ஸ்டிக், லிப் பாம்: விளக்கெண்ணெயில் உள்ள ரிசினோலிக் அமிலம், லேனோலின், தேன்மெழுகோடு வரும் புரோப்போலிஸ், வாசனைத் திரவியம், வெயில் தடுப்புக்குச் சேர்க்கும் ஆக்சிபென்சோன். குளுகுளுவென்று இருக்கச் சேர்க்கும் மெந்தாலும் கற்பூரமும் ஏற்கெனவே புண்ணான உதட்டை மேலும் எரிக்கும்.
3. மருந்துகள்: புண்ணுக்குப் பூசும் நியோமைசின், சில நேரம் ஸ்டீராய்டு களிம்பேகூட.
4. மாங்காய்.

மாங்காயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சொணை பட்டால் வாய் வெந்துவிடும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். காம்பைக் கிள்ளிப் பாலை வடியவிட்டு, தண்ணீரில் போட்டு வைத்துவிட்டுச் சாப்பிடச் சொல்வது அதற்காகத்தான். மாமரம், முந்திரி, சேங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம். மூன்றிலும் ஒவ்வாமையைத் தூண்டும் ரெசார்சினால் வகைப் பொருள்களோ அவற்றுக்கு நெருங்கிய உறவான பொருள்களோ இருக்கின்றன. மாங்காயில் அவை பாலிலும் தோலிலும்தான் அதிகம், சதையில் மிகக் குறைவு. தோலோடு கடித்து உறிஞ்சிச் சாப்பிடுகிறவருக்கு இரண்டு நாள் கழித்து உதடும் வாயோரமும் வீங்கிச் செதிலாகும். சீசன் முழுக்கச் சாப்பிட்டால் சீசன் முழுக்க ஆறாது. உடம்புச் சூடு என்று இதற்குப் பெயர் வைத்து மோர் குடிப்பவர்கள் உண்டு. மோர் நல்லதுதான், ஆனால் வேறொருவரைத் தோல் சீவித் துண்டு போட்டுத் தரச் சொன்னால் இவர்களில் பலர் தாராளமாக மாம்பழம் சாப்பிடலாம்.

காரணத்தை உறுதிசெய்யப் பேட்ச் டெஸ்ட் என்ற பரிசோதனை உண்டு. சந்தேகப் பொருள்களைத் துளித் துளியாகச் சின்ன அறைகளில் வைத்து மேல்முதுகில் ஒட்டிவிடுவார்கள். இரண்டு நாள் முதுகை நனைக்கக்கூடாது. 48 மணி நேரத்தில் எடுத்துப் பார்த்து, நான்காம் நாள் வாக்கில் மறுபடி பார்ப்பார்கள். எந்த இடம் சிவந்து தடித்ததோ அதுதான் காரணமாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்று சொல்லக் காரணம் உண்டு. முதுகில் பாசிட்டிவ் வந்த பொருள் உங்கள் உதட்டில் படுகிற எதிலும் இல்லையென்றால் அந்த முடிவால் பயனில்லை. எனவே வீட்டில் இருக்கும் பேஸ்ட், லிப் பாம், லிப்ஸ்டிக், களிம்பு எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியோடு கொண்டு போக வேண்டும், ஏனென்றால் சேர்மானப் பட்டியல் பெட்டியில்தான் முழுசாக இருக்கும். லிப்ஸ்டிக்கை அப்படியே ஒட்டிப் பார்க்கலாம். பற்பசையைக் கரைத்துத்தான் வைப்பார்கள், அப்படியே ஒட்டினால் யாருக்குமே சிவந்துவிடும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முடிவு தப்பாகலாம், முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சில ஆயிரங்கள் கொடுத்து ரத்தத்தில் ‘அலர்ஜி பேனல்’ எடுப்பது இதற்கு உதவாது. அது பார்ப்பது உடனே வரும் வேறு வகை ஒவ்வாமையை.

கீழுதடும் வெயிலும்

வெயில் நேராக விழுவது கீழுதட்டில்தான். வருடக்கணக்கில் வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குக் கீழுதடு மட்டும் வறண்டு, தடவினால் உப்புத்தாள்போல் இருக்கும். பிரேசிலில் கரும்புத் தொழிலாளர்களிடமும் கடற்கரையில் வேலை செய்கிறவர்களிடமும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக்டினிக் கைலைட்டிஸ் எனப்படும் இந்த நிலை வெள்ளைத் தோலினரிடம் அதிகம். கருத்த தோலில் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. கடலில் வலை வீசுகிறவருக்கும் உப்பளத்தில் நிற்கிறவருக்கும் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, தண்ணீரிலும் உப்பிலும் பட்டுக் கீழிருந்தும் வருகிறது.

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இது புற்றுநோய்க்கு முந்தைய நிலை. எல்லோருக்கும் புற்றாகாது, ஆனால் ஆகும்போது உதட்டில் வருவது உடலின் மற்ற இடத்துத் தோல் புற்றைவிட எளிதில் கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவக்கூடியது. புகையும் புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து கூடும். பிரஷர் மாத்திரையைப் பற்றி மருத்துவர் கேட்பதும் இங்கேதான். ஹைட்ரோகுளோரோதையசைட் என்ற பிரஷர் மாத்திரை தோலை வெயிலுக்கு எளிதில் பாதிக்கப்படச் செய்யும். உதட்டுப் புற்றோடு அதற்குள்ள தொடர்பை டென்மார்க் ஆய்வாளர்கள் 2017-இல் எழுதினார்கள். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. பிரஷர் ஏறுவதில் உள்ள ஆபத்து இதைவிடப் பெரியது, மாற்று மருந்து தேவையா என்று கேட்டால் போதும்.

உதடே தடித்துப்போனால்

முதலில் ஒரு நாள் வீங்கி வடியும். பிறகு திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் வடியாமல் நின்றுவிடும். திசுவுக்குள் கிரானுலோமா என்ற செல் திரள்கள் உருவாவதால் வருவது இது. 1945-இல் இதை விவரித்த மீஷரின் பெயரும் இதற்கு உண்டு. முகவாதமும் வெடித்த நாக்கும் சேர்ந்து வந்தால் மெல்கர்சன் ரோசந்தால் நோய்க்குறித் தொகுதி. நம் நாட்டில் இந்த வீக்கத்தைப் பார்த்தால் காசநோயையும் தொழுநோயையும் முதலில் விலக்க வேண்டும். அப்புறம் உடலில் பல இடங்களில் கிரானுலோமா உருவாகும் சார்காய்டோசிஸ், குரோன் எனும் குடல் நோய்.

திடீரென்று மணிக்கணக்கில் ஊதும் உதடு வேறு சமாச்சாரம். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் வருடக்கணக்கில் ஒத்துக்கொண்டிருந்துவிட்டும் இதைச் செய்யும். நாக்கும் தொண்டையும் வீங்கினால் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறவர்களுக்குக் கிட்டத்தட்ட எல்லோருக்குமே உதடு காயும். காயவில்லை என்றால் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று மருத்துவர் யோசிக்கிற அளவுக்கு. இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, வாசலின் போதும். உதட்டுத் தோலைக் கடித்தும் பிய்த்தும் புண்ணாக்கிக்கொள்கிறவர்களுக்கு மருந்தைவிடப் பழக்கத்தை மாற்றும் சிகிச்சைதான் வேலை செய்யும்.

எப்போது பயாப்சி?

மூன்று வாரமாகியும் ஆறாத ஒற்றைப் புண், கெட்டித்தன்மை, தொட்டால் ரத்தம், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, லூபஸ் அல்லது கிரானுலோமா சந்தேகம்: இவற்றில் எது இருந்தாலும் மூன்று நான்கு மில்லிமீட்டர் திசு எடுத்துப் பார்ப்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வது, சில நிமிடம்தான் ஆகும், உதடு சீக்கிரம் ஆறவும் செய்யும். கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயத்தில் தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர். பயாப்சி எடுத்ததால் உதட்டுப் புற்று பரவுவதில்லை. தள்ளிப்போடும் மாதங்களில்தான் அது பரவுகிறது.

சிகிச்சை எந்த வரிசையில்?

1. முதலில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். லிப்ஸ்டிக், வாசனை லிப் பாம், மூலிகைக் களிம்பு, மணமுள்ள பேஸ்ட் எல்லாம். வாசனையற்ற வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி மட்டும், நக்கத் தோன்றும்போதெல்லாம்.
2. அழற்சி அதிகமானால் ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் போன்ற மிதமான ஸ்டீராய்டு, சில நாள் மட்டும். க்ரீமைவிட ஆயின்ட்மென்ட் நல்லது.
3. நீண்ட நாள் தேவைப்பட்டால் ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் ஆயின்ட்மென்ட். முதல் சில நாள் எரியும், பிறகு பழகிவிடும். தோலை மெலிய வைக்காது. ஆனால் வெயிலால் கெட்ட உதட்டில் இதை மருத்துவர் பார்க்காமல் பூசக்கூடாது.
4. லூபஸ் என்றால் ஹைட்ராக்சிகுளோரோகுயின், முறையான கண் பரிசோதனையோடு.
5. வெயில் பாதிப்புக்கு 5-ஃப்ளூரோயூராசில் களிம்பு, உறைய வைக்கும் கிரையோதெரபி, லேசர், சிலருக்கு உதட்டு மேல்தோலை நீக்கும் அறுவைச் சிகிச்சை. கூடவே எஸ்பிஎஃப் 30 லிப் பாமும் அகன்ற விளிம்புத் தொப்பியும்.

இரண்டாவது வரியில் உள்ள ‘சில நாள் மட்டும்’ என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் மூன்று மருந்துக் கலவை டியூப்களில் பெரும்பாலும் பீட்டாமெத்தசோனோ குளோபெட்டசாலோ இருக்கும். இரண்டும் உதட்டுக்கு மிகக் கடுமையானவை. பூசியதும் சிவப்பு அடங்கும், நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பும், மறுபடி பூசச் சொல்லும். வாயைச் சுற்றிப் பருபோல் பொரியும், தோல் மெலியும். 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டோடு மட்டும் விற்கவேண்டும் என்று ஆணையிட்டது. சீட்டு இல்லாமல் வாங்க முடிகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

எவ்வளவு நாள்?

கடைவாய்க் காளான் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். இரும்புக் குறைவால் வந்ததென்றால் ரத்தம் தேறும் வரை, அதாவது மாதங்கள். ஒவ்வாமைக்குக் காரணமான பொருளை நிறுத்திய சில வாரங்களில் தெளிவு தெரியும். ஆறு வாரமாகியும் மாற்றமே இல்லையென்றால் காரணம் வேறு என்று எடுத்துக்கொண்டு பேட்ச் டெஸ்டுக்கோ பயாப்சிக்கோ போகவேண்டும். வெயில் பாதிப்பு குணமான பிறகும் வருடக்கணக்கில் அவ்வப்போது காட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். கிரானுலோமா வகைதான் நீளமானது. உதட்டுக்குள் டிரயாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டு வடிய வைத்த வீக்கம் சில மாதங்களில் திரும்பலாம், அப்போது மறுபடி ஊசி. டாக்சிசைக்ளின், டாப்சோன் போன்ற மாத்திரைகளும் சேரும். குரோன் நோயில் உதட்டு வீக்கம் முதலில் வந்து, வயிற்றுத் தொல்லை வருடங்கள் கழித்து வருவதும் உண்டு. அதனால் ஒவ்வொரு முறை போகும்போதும், உதடு நன்றாகவே இருந்தாலும், வயிற்றுவலி உண்டா, எடை குறைந்ததா, மலத்தில் ரத்தம் போகிறதா என்று மருத்துவர் கேட்பார். குழந்தை என்றால் உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்வார்.